ஃப்ராக்ஷனல் இன்ஜினியர்: பகுதிநேரமா, பங்குநேரமா?

ஸ்டார்ட்அப் ஆளுங்க வாயில இப்ப அதிகமா அடிபடுற வார்த்தை ஃப்ராக்ஷனல். ஃப்ராக்ஷனல் சிடிஓ (தொழில்நுட்பத் தலைவர்), ஃப்ராக்ஷனல் இன்ஜினியர், ஃப்ராக்ஷனல் டீம்னு லிங்க்ட்இன்ல பேருக்குக் கீழ போட்டுக்கிறவங்க நிறைய. பொருள் ரொம்ப சிம்பிள். நல்ல அனுபவம் உள்ள ஒரு மூத்த ஆளை முழுச் சம்பளம் கொடுத்து எடுக்க ஒரு சின்ன கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது, அதனால அவரோட வாரத்துல ஒரு நாளையோ ரெண்டு நாளையோ மட்டும் மாசம் இவ்வளவுன்னு பேசி எடுத்துக்கிறாங்க, அவரும் மிச்ச நாளை இன்னும் ரெண்டு மூணு கம்பெனிக்குப் பிரிச்சுக் கொடுத்திருப்பார். ஒருத்தரோட நிக்காம மொத்த அமைப்பையும் திட்டம் போடுற ஆர்க்கிடெக்ட், திரைக்குப் பின்னாடி ஓடுறதை எழுதுற பேக்கெண்ட், திரையில தெரியுறதை எழுதுற ஃப்ரண்டெண்ட், டெஸ்டிங், சர்வர் பாக்குறவர்னு அத்தனை பேரையும் இப்படியே சேர்த்து ஒரு முழு டீமே கட்டிட்டா அதுதான் ஃப்ராக்ஷனல் டீம்.

வேர் எங்கன்னா, லத்தீன்ல ஃப்ராங்கெரேன்னா உடைக்கிறது. அதுலருந்து வந்ததுதான் கணக்குல வர்ற ஃப்ராக்ஷனும், கால் வழுக்கி விழுந்தா டாக்டர் சொல்ற ஃப்ராக்சரும். நம்ம பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்த பின்னமும் அதே கதைதான், சமஸ்கிருதத்துல பின்னன்னா உடைஞ்சது, பிரிஞ்சது. அப்ப நேரா பின்னப் பொறியாளர்னு போட்டுட்டா என்னன்னு கேட்டா, காரைக்குடி பக்கம் போய் சொல்லிப் பாருங்க தெரியும், பின்னமான சிலையக் கும்பிடக்கூடாதுன்னு தெரிஞ்ச ஊரு இது, கை கால் ஊனமான பொறியாளர்னு நினைச்சுப்பாங்க.

தமிழ்ல இதுக்குப் பழைய பேரு கீழ்வாய் இலக்கம். ஒண்ணுக்கு மேல போறது மேல்வாய், ஒண்ணுக்குக் கீழ போறது கீழ்வாய். கால், அரை, முக்கால் இன்னும் எல்லார் வாயிலயும் இருக்கு. அரைக்கால், வீசம் எல்லாம் தாத்தா காலத்தோட போச்சு. இருபதுல ஒரு பங்கு ஒரு மா, எண்பதுல ஒண்ணு காணி, முன்னூத்தி இருபதுல ஒண்ணு முந்திரி. இதுல ஒரு அழகு பாருங்க, வாரத்துக்கு அஞ்சு நாள் வேலைன்னா அதுல ஒரு நாள் அஞ்சுல ஒண்ணு, அதாவது சரியா நாலுமா. ரெண்டு நாள் வர்றவர் எட்டு மா, பழைய வாய்ப்பாட்டுல சொன்னா காலே மும்மா. அரை நாள் வர்றவர் இருமா. ஆனா கீழ்வாய்ப் பொறியாளர்னு யாரையும் கூப்பிட முடியாது, அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் இருக்கு, அகராதியப் பாத்துக்குங்க, இங்க வேணாம்.

வியாபாரத்துல ஃப்ராக்ஷனல்ங்கிற வார்த்தை பிரபலமானதுல விமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1986-ல அமெரிக்காவுல நெட்ஜெட்ஸ் கம்பெனி ஒரே ஜெட்டை பல பேருக்குப் பங்கு போட்டு விக்க ஆரம்பிச்சாங்க, வருஷத்துல உங்க பங்குக்கு இத்தனை மணி நேரம் பறந்துக்கலாம், பைலட்டு பராமரிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு. அப்புறம் இதே பேரு விடுமுறை வீட்டுக்கு ஒட்டுச்சு, ஷேர் மார்க்கெட்டுக்கு ஒட்டுச்சு, அங்கேருந்து ஆளுக்கே ஒட்டுச்சு, முதல்ல ஃபைனான்ஸ் தலைவர், மார்க்கெட்டிங் தலைவர், கடைசியா சாஃப்ட்வேர். கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுலருந்தே வேலைன்னு ஆனதும் ஒருத்தர் காலையில ஒரு கம்பெனி சாயங்காலம் ஒரு கம்பெனின்னு உக்காந்த இடத்துலருந்தே பாக்குறது சுலபமாயிடுச்சு.

விமானத்துக்கு முன்னாடியே இந்த ஏற்பாடு எங்க ஊர்ல இருக்கு, வீட்டுக்கு. கானாடுகாத்தான், தேவகோட்டை, காரைக்குடின்னு எங்க போனாலும் பெரிய வீடு ஒண்ணு இருக்கும், கேட்டா பத்து இருபது பங்குன்னுவாங்க. முகப்பு பொது, நடு முற்றத்தைச் சுத்தி இருக்குற வளவு பொது, கல்யாணம்னா யார் வேணா நடத்திக்கலாம், ஆனா உள்ள ஒவ்வொரு அறை சாவியும் ஒவ்வொரு பங்குக்காரர்கிட்ட, ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல. பங்கு சின்னதா இருந்தாலும் அந்தப் பங்குக்கு நீங்க முழு உரிமைக்காரர், வாடகைக்காரர் கிடையாது. ஃப்ராக்ஷனல்ங்கிற வார்த்தையோட உசுரே இதுலதான் இருக்கு. அதோட கஷ்டமும் அதே வீட்டுலயே இருக்கு: மழைக்கு ஓடு ஒழுகும், எல்லாருக்கும் பங்கு இருக்கு, ஏணி போட்டு ஏறி ஓடு மாத்த ஒரு ஆள் இருக்க மாட்டார். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

இப்ப பக்கத்து வீட்டு வார்த்தைகளைப் பாத்துருவோம், ஏன்னா குழப்பமே அங்கதான். பார்ட் டைம், தமிழ்ல பகுதிநேரம்: இது மணிக்கணக்கு. பகுதிநேர ஆசிரியர்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது கம்மிச் சம்பளமும் நிரந்தரம் கேட்டு போராட்டமும்தான், அந்த வாடை இந்த வார்த்தையில ஏறிப்போச்சு. ஃப்ரீலான்சர்: 1819-ல வால்டர் ஸ்காட் ஒரு நாவல்ல கூலிக்குச் சண்டை போடுற ஈட்டிக்காரனுக்குப் போட்ட பேரு, எந்த ராஜாவுக்கும் கட்டுப்படாத ஈட்டி, வேலை முடிஞ்சா காசு வாங்கிட்டு அடுத்த சண்டைக்குப் போயிருவான். கன்சல்டன்ட் ஆலோசனை சொல்லுவார், ஸ்லைடு போடுவார், சொன்னபடி கட்டுனது இடிஞ்சா அவர் வர மாட்டார். மூன்லைட்டிங் வேற ரகம், ஒரு கம்பெனியில முழுச் சம்பளம் வாங்கிக்கிட்டே அவங்களுக்குத் தெரியாம இன்னொரு இடத்துல வேலை பாக்குறது. 2022 செப்டம்பர்ல விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி போட்டிக் கம்பெனிக்கும் வேலை பாத்த 300 பேரை வெளிய அனுப்பினோம்னு சொன்னாரே, அது இதுதான். ஃப்ராக்ஷனல்ல ஒளிவு மறைவே கிடையாது, நாலு கம்பெனிக்கும் மிச்ச மூணு கம்பெனி இருக்குன்னு தெரியும், தெரியணும்.

சரி, நடைமுறையில எப்படி இருக்கும்? ஒரு கற்பனைக்கு காரைக்குடியில ஒரு ஆச்சி மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் ஆன்லைன்ல சிங்கப்பூர், கோலாலம்பூர் வரைக்கும் விக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். அழகப்பர் பேர்ல இருக்குற இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சு முடிச்ச ரெண்டு பசங்க முழுநேரமா இருக்காங்க, சைட்டு ஓடுது. சென்னையிலருந்து ஒரு மூத்தவர் வியாழக்கிழமை மட்டும் வீடியோவுல வர்றார், நம்ம கணக்குல நாலுமா ஆளு. தீபாவளி நெருங்குறப்ப ஒரு வியாழன் ஆச்சி முதல் ஆளா வந்து, தம்பி, ஒரே வீட்டுக்கு ரெண்டு பார்சல் போயிருக்கு, காசு ஒண்ணுதான் வந்திருக்கு, இந்த வாரம் மட்டும் இப்படி பதினோரு வீடுங்கிறாங்க. பசங்க ரெண்டு பேரும் கஸ்டமர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டாங்கன்னு பட்டனை மறைக்கிறதுல ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்காங்க. மூத்தவர் சர்வரோட பதிவேடான லாகைத் (log) திறந்து அந்தப் பதினோரு வீட்டு ஆர்டர்களோட பேமென்ட் நம்பரை மட்டும் எடுத்துப் பாக்குறார். ஜோடி ஜோடியா ஒரே நம்பர். விஷயம் என்னன்னா பணம் வந்ததும், அதை வசூல் பண்ணித் தர்ற பேமென்ட் கேட்வே நம்ம சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும், நம்ம சர்வர் கூட்ட நேரத்துல பதில் சொல்ல லேட்டானா, போய்ச் சேரலையோன்னு அதே தகவலை மறுபடி அனுப்பும், நம்ம கோடு (புரோகிராம்) ஒவ்வொரு தகவலுக்கும் புதுசா ஒரு ஆர்டர் போட்டு வச்சிருக்கு. டேட்டாபேஸ்ல பேமென்ட் நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு, தகவல் வந்ததும் முதல்ல வாங்கிக்கிட்டேன்னு பதில் சொல்லிட்டு அப்புறமா வரிசையில போட்டு வேலை பாருன்னு ஒரு மாத்தம். அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. அதோட விடாம அந்த ரெண்டு பசங்களையே டெஸ்ட் எழுத வச்சு, ஒரே தகவலை அஞ்சு தடவை அனுப்பினாலும் ஒரு ஆர்டர்தான் விழணும்னு காட்டச் சொல்லி, ஏன் இப்படி பண்ணோம்னு ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லிட்டுப் போறார். வாங்குறது இந்த ஒரு நாளைத்தான், ஆனா இதுக்கு முன்னாடி இதே கோளாறை வேற எங்கெங்கயோ பாத்த அனுபவம் முழுசா வந்துருது. உடைஞ்சது நேரம், ஆள் உடையல. அதனாலதான் பகுதிநேரம்ங்கிற வார்த்தை இங்க உக்காரல.

இனிமே முழு டீமையும் இப்படியே கட்டுற ஆசைக்கு வருவோம். ஆர்க்கிடெக்ட் ஒரு நாள், பேக்கெண்ட் ரெண்டு, ஃப்ரண்டெண்ட் ரெண்டு, சர்வர் அரை, டெஸ்டிங் ஒண்ணு, டிசைன் அரை. கூட்டுனா வாரத்துக்கு ஏழு நாள், மா கணக்குல இருபத்தெட்டு மா, ஆளுக்கணக்குல 1.4. பேப்பர்ல பாத்தா ஒன்றரை ஆளுக்கும் கம்மியான நேரச் செலவுல ஆறு மூத்த தலை, யாருக்குத்தான் ஆசை வராது. ஆனா ஆறு பேர்னா அவங்களுக்குள்ள பேச்சு வழி பதினஞ்சு, ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரோட பேசிப் புரிஞ்சுக்கணும். ஐபிஎம்ல பெரிய சாஃப்ட்வேர் திட்டத்தை நடத்துன ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லயே இதை எழுதிட்டார், லேட்டாப் போற சாஃப்ட்வேர் வேலையில ஆளைக் கூட்டுனா இன்னும் லேட்டாகும்னு. முழுநேர ஆளுங்களுக்கே அந்தக் கதின்னா, திங்கக்கிழமை வர்றவரும் வியாழக்கிழமை வர்றவரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமயே ஒரே கோடைத் தொடுற டீமுக்கு சொல்லவே வேணாம். அரை நாள் ஆளுக்கு அதுல பாதி மீட்டிங்லயே போயிரும். சனிக்கிழமை ராத்திரி சர்வர் படுத்துட்டா யாருக்கு போன் அடிக்கிறது? ஆறு பேருக்கும் பங்கு இருக்கு. ஓடு ஒழுகுற கதைதான்.

என்னைக் கேட்டா, முழு டீமையும் பங்குல கட்டலாம், ஆனா ஒரே ஒரு ஆளாவது முழுசா அங்கயே கிடக்கணும். அது ஃபவுண்டரா இருந்தாலும் சரி, ரெண்டு வருஷ அனுபவம் உள்ள பையனா இருந்தாலும் சரி. இதுக்கு வார்த்தை தேட வெளிய போக வேண்டாம், ரங்கூன்லயும் மலாயாவுலயும் கடை வச்ச காலத்துலயே செட்டிநாட்டு நகரத்தார் கடையில மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்னு படிநிலை இருந்துச்சு. முதலாளி ஊர்ல இருப்பார், மேலாள் அங்க போய் மூணு வருஷம்போல இருந்து கடையப் பாத்துட்டுத் திரும்புவார், அடுத்தாள் கூடவே இருந்து தொழில் கத்துக்கிட்டு பின்னாடி மேலாளா ஆவார். இப்ப ஸ்டார்ட்அப்புக்கு அதை அப்படியே ஒரு திருப்பு திருப்பிக்கணும், மேலாள் பங்குக்கு வரட்டும், அடுத்தாள் முழுநேரமா இருக்கட்டும். மேலாள் வர்ற அன்னிக்கு அடுத்தாள்கிட்ட கேள்வி லிஸ்ட் தயாரா இருக்கணும், மிச்ச நாலு நாள் அவன் தனியா முடிவெடுக்கக் கூடியது எது, காத்திருக்க வேண்டியது எதுன்னு முன்னாடியே பேசியிருக்கணும். ரெண்டு மேலாள் இருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா இருக்குற ஒரு ரெண்டு மணி நேரத்தை வாரத்துல கண்டிப்பா வச்சிரணும்.

சட்டத்துல ரெண்டு இடம் கவனிக்கணும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-படி ஊழியர் தன் வேலையோட பாகமா எழுதுன கோடு பொதுவா கம்பெனிக்குச் சொந்தம், ஆனா பங்குக்கு வர்றவர் ஊழியர் கிடையாது, எழுத்துல மாத்திக் கொடுக்கலேன்னா அவர் எழுதுனது அவருக்கே சொந்தமா நிக்கும். அப்படி எழுதி வாங்குறப்பவும் எத்தனை வருஷம்னு போடாம விட்டா அஞ்சு வருஷம்னும், எந்த நாடுன்னு போடாம விட்டா இந்தியாவுக்குள்ள மட்டும்னும் சட்டமே எடுத்துக்கும், சிங்கப்பூர்ல யாவாரம் பண்றவங்க அங்கதான் மாட்டுவாங்க. இன்னொண்ணு, சம்பளத்துக்குப் பதிலா ஈசாப், அதாவது ஊழியருக்குக் கம்பெனிப் பங்கு கொடுக்குற திட்டத்துல, பங்கு தர்றேன்னு வாய்க்கு வந்தபடி சொல்லிடாதீங்க, கம்பெனிச் சட்டத்துல அந்தத் திட்டம் ஊழியர், டைரக்டர் வகையறாவுக்குத்தான், வெளியாள் ஆலோசகருக்கு அந்த வழி கிடையாது, ஆடிட்டர்கிட்ட கேட்டு வேற ஏற்பாடு பண்ணணும்.

இப்ப சொல்லுக்கு வருவோம். ஸ்டார்ட்அப்புக்கு அரசாங்கமே புத்தொழில்னு பேரு வச்சு அது ஓரளவு ஓடுது. ஃப்ராக்ஷனலுக்கு பின்ன ஆகாது, பகுதிநேர போதாது. பகிர்வுன்னு சிலர் போடலாம், எனக்கு அது வைஃபை பாஸ்வேர்டு மாதிரி கேக்குது. பங்காளின்னு மட்டும் கிட்டயே போயிடாதீங்க, எங்க பக்கம் பங்காளின்னா ஒரே கோயில்காரங்க, கல்யாண உறவு கிடையாது, சொத்துச் சண்டை தாராளமா உண்டு. நான் போட்டுக்குறது பங்குநேர. பங்குநேரப் பொறியாளர், பங்குநேரத் தொழில்நுட்பத் தலைவர், மொத்த டீமுக்கு பங்குநேரக் குழு. பகுதியில கு இருக்கிற இடத்துல ங்கு வந்தாலே உரிமையும் பொறுப்பும் உள்ள வந்துருது. பேச்சுல இன்னும் சுலபம், அவர் நம்மகிட்ட பங்குக்கு வர்றார்னா போதும், எந்த ஐயாவுக்கும் விளங்கும்.

ஆள் தேடி போஸ்ட் போடுறப்ப வித்தியாசம் தெரியும். பார்ட் டைம் சீனியர் டெவலப்பர் தேவைன்னு போட்டா செமஸ்டர் லீவுல இருக்குற பசங்க ரெஸ்யூமே வந்து குவியும். இப்படிப் போட்டுப் பாருங்க: பங்குநேர மூத்த பொறியாளர் தேவை, வாரம் ஒரு நாள், வியாழன், மாசக் கட்டணம், குறைஞ்சது ஆறு மாசம், எங்க முழுநேர ஆளுங்க ரெண்டு பேரோட வேலைய சரிபாத்து வழிகாட்டணும், வேற எத்தனை கம்பெனி பாக்குறீங்கன்னு சொல்லிருங்க, அவசரத்துக்கு மத்த நாள்ல போன் எடுப்பீங்களா, அதுக்குத் தனியா எவ்வளவுன்னும் சொல்லுங்க, எழுதுற கோடு முழுக்க எல்லா நாட்டுக்கும் எப்பவும் கம்பெனி பேர்ல.