மணலுக்குள் ஒரு நீர்த்தேக்கம்

தெற்குக் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் உள்ள ரான்சோ மிராஜ், ஓய்வுபெற்ற செல்வந்தர்கள் விரும்பிக் குடியேறும் சிறு பாலைவன நகரம். மதில் சூழ்ந்த வளாகங்களும், அவற்றுள் கோல்ஃப் புல்வெளிகளும் செயற்கைக் குளங்களும் நிறைந்த ஊர். மேற்கே 3,302 மீட்டர் உயரத்தில் நிற்கும் சான் ஹசின்டோ மலை பசிபிக் கடலின் ஈரக்காற்றை மறித்துவிடுவதால், இங்கு சராசரி ஆண்டு மழை 150 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. வைட்வாட்டர் என்ற பெயரில் ஓர் ஆறு இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அது வெறும் மணல்தடம்.

குடிநீர் காலடியிலிருந்தே வருகிறது. மலைகள் அரிபட்டுச் சேர்ந்த மணலும் சரளையும் பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளத்தாக்கை நிரப்பியிருக்க, அவற்றின் இடுக்குகளில் காலங்காலமாகப் பனியுருகிய நீர் தேங்கியிருக்கிறது. ஆனால் ஊர்கள் பெருகியபோது, இயற்கை ஊறவைப்பதைவிட ஆழ்துளைக் கிணறுகள் இறைப்பது மிகுந்தது.

இதற்குக் கண்ட தீர்வு விந்தையானது. பள்ளத்தாக்கின் நீர் வாரியங்களுக்கு வட கலிபோர்னிய நீரில் உரிமைப் பங்கு உண்டு, அதைக் கொண்டுவரக் குழாய்தான் இல்லை. தென் கலிபோர்னியப் பெருநகர நீர் வாரியத்தின் கொலராடோ ஆற்றுக் கால்வாயோ பள்ளத்தாக்கின் வடமுனையிலேயே கடந்துபோகிறது. ஆகவே வடக்கத்திப் பங்கைப் பெருநகர வாரியம் எடுத்துக்கொண்டு, அதே அளவு கொலராடோ நீரை இங்கே திறந்துவிடுகிறது. 1973 முதல் அந்த நீர் வைட்வாட்டர் அருகே மணலில் வெட்டிய ஊறல் குளங்களில் பாய்கிறது. அங்கு களிமண் அடுக்கு குறைவு என்பதால், வெயில் குடிப்பதற்குள் பெரும்பகுதியை மணல் குடித்துவிடுகிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் பெருநகர வாரியம் பங்குக்கு மேலும் முன்கூட்டியே நீரைச் செலுத்தி வைக்கும். வறண்ட ஆண்டுகளில் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். இருப்பும் பற்றும் எழுதும் வங்கிக் கணக்கேதான்.

எனினும் வடமுனையில் ஊறும் நீர் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக்கு நகர நெடுங்காலம் ஆகும். பக்கத்து ஊரான பாம் டெசர்ட் முதல் லா கின்டா வரை நீர்மட்டம் இறங்கியபோது, நீரழுத்தம் தாங்கியிருந்த களிமண் படலங்கள் நசுங்கி, 1995க்கும் 2010க்கும் இடையே சில இடங்களில் நிலமே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அமிழ்ந்தது. 2009இல் லா கின்டாவிலும் ஊறல் குளங்கள் இயங்கத் தொடங்கின; பல கோல்ஃப் மைதானங்கள் கால்வாய் நீருக்கும் சுத்திகரித்த கழிவுநீருக்கும் மாறின; அமிழ்வு பெரும்பாலும் நின்றது. நசுங்கிய களிமண் மட்டும் பழைய பருமனுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

இப்போது மிஞ்சியிருப்பது உப்பு. கொலராடோ நீரில் மலைப்பனி நீரைவிட உப்பு அதிகம். புல்லும் வெயிலும் நீரைத்தான் எடுத்துக்கொள்கின்றன, உப்பு மணலிலேயே தங்கிவிடுகிறது.