ஜிம் சண்டையும் வைத்தியரிடம் மறைக்கப்படும் ஊசியும்

கொழும்பில் எடை தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் இன்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஊசியோ மாத்திரையோ இல்லாமல் உணவையும் பயிற்சியையும் நம்பி உடலை வளர்ப்பவர்கள் தம்மை 'நெச்சுரல்' என்கிறார்கள். தசையை வளர்க்கும் ஆண் ஹோர்மோன் வகை மருந்தான ஸ்டெரொய்டை எடுப்பவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நேரிலும் மறைவிலும் ஏசுகிறார்கள். அது முடியாதவர்களின் பொறாமை என்று மறுதரப்பு பதில் சொல்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று எங்கிருந்து வருபவர்களிடம் கேட்டாலும் கதை இதுதான். ஹோர்மோன் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியர் என்ற முறையில் என்னை அதிகம் வருத்துவது, இந்தச் சண்டைக்குப் பயந்து ஊசி போடுபவர் அதைத் தன் வைத்தியரிடமும் மறைத்துவிடுகிறார் என்பதுதான். ஆறு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் எளிதாகச் சரிசெய்திருக்கக்கூடிய பல பாதிப்புகள் அந்த மறைப்பினாலேயே முற்றிப்போகின்றன.

முதலில் நெச்சுரல் தரப்பின் கோபத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாசின் என்ற வைத்தியரின் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. எடை தூக்கிப் பழகிய ஆரோக்கியமான ஆண்கள் 43 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டொஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் பத்து வாரங்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு குழு பயிற்சி செய்தது, மற்றது செய்யவில்லை. மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களின் கொழுப்பற்ற எடை ஏறத்தாழ 2 கிலோ கூடியது. எந்தப் பயிற்சியும் செய்யாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3.2 கிலோ கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6.1 கிலோ. அந்த 600 மில்லிகிராம், ஹோர்மோன் குறைபாடுள்ள ஒருவருக்கு நாங்கள் கொடுக்கும் அளவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு; 'சைக்கிள்' என்று சொல்லப்படும் மருந்துச் சுற்றுகளில் இன்று பலர் அதையும் தாண்டிச் செல்வதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் கலந்தும் எடுக்கிறார்கள். ஆகவே பக்கத்து பெஞ்சில் பயிற்சி செய்பவர் மூன்று மாதத்தில் மாறிவிட்டார், தான் மூன்று வருடமாகியும் மாறவில்லை என்று மனம் உடையும் இளைஞரின் முயற்சியில் குறை எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவர் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலே பிழையானது.

அதே ஆய்வு மறுதரப்புக்கும் ஒரு நியாயத்தைத் தருகிறது. "ஊசி போட்டால் மட்டும் உடம்பு வந்துவிடுமா?" என்று அவர்கள் கேட்பது வெறும் வாய்ச்சவடால் இல்லை, மேடையில் ஏறும் உடலுக்கு மருந்தோடு கடும் பயிற்சியும், மாதக்கணக்கான உணவுக் கட்டுப்பாடும் வேண்டும். உழைக்கவில்லை என்று அவர்களைச் சொல்வது தவறு. அதேபோல், கொஞ்சம் பெரிய உடம்போடு யார் வந்தாலும் 'ஊசி' என்று முத்திரை குத்துவதும் தவறு. உயரத்தையும் கொழுப்பற்ற எடையையும் வைத்துக் கணிக்கும் ஒரு குறியீடு உண்டு. 1995இல் வெளியான ஓர் ஆய்வின்படி மருந்து எடுக்காதவர்களில் அது 25 அளவில் நின்றுவிடுகிறது. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் பத்து வீதக் கொழுப்போடு 80 கிலோ இருந்தால் அவர் ஏறக்குறைய அந்த எல்லையில் நிற்கிறார். ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச இது உதவும். ஒரு தனிமனிதரைக் குற்றவாளியாக்க உதவாது. பிறவியிலேயே தசை அதிகம் வாய்க்கப்பெற்றவர்கள் எங்கள் மத்தியிலும் இருக்கிறார்கள்.

என் மனத்தில் உண்மையான குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தான் ஊசி போட்டு வளர்த்த உடலைக் காட்டி, அது தன் உணவுப் பட்டியலாலும் தான் விற்கும் புரோட்டீன் பவுடராலும் வந்தது என்று சொல்லி மாதக் கட்டணம் வாங்கும் பயிற்றுநர், தன்னை நம்பி வந்த பிள்ளையின் பணத்தோடு சேர்த்து அவனுடைய சில வருடங்களையும் எடுத்துக்கொள்கிறார். பட்டியல்படி எல்லாம் செய்தும் பலன் வராதபோது, குறை தன் உடலில்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை முடிவு செய்கிறான். போதிய தசை இருந்தும் தான் மெலிந்தே இருப்பதாக நம்பி, கண்ணாடி முன்னாலும் உணவுத் தராசு முன்னாலும் வாழ்நாளைக் கழிக்கும் ஒரு மனநிலையை உளமருத்துவர்கள் 1997ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார்கள். அது தோற்றக் குறை பற்றிய மனநோயின் ஒரு வகையாக 2013இல் வெளியான அமெரிக்க உளநோய் வகைப்பாட்டிலும் இடம்பெற்றிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் ஒருவர் வந்து, "தம்பி, ஒரு சைக்கிள் போட்டுப் பார்" என்று சொன்னால் மறுப்பதற்கு அவரிடம் பலம் இருக்காது. நேற்று வரை ஊசிக்காரரை ஏசிய நெச்சுரல்தான் பெரும்பாலும் நாளைய ஊசிக்காரர். 2022இல் ரூபா சரிந்தபின் இறக்குமதிப் பவுடரின் விலை எட்டாத உயரத்துக்குப் போய், முட்டையும் கோழியும் வாங்குவதே பாரமானபோது, குறுக்கு வழியின் கவர்ச்சி இன்னும் கூடிவிட்டது என்பது என் அவதானம்.

மருந்தைத் தொடாதவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களை (உணவுத் துணைப்பொருட்களை) ஆராய்ந்து 2004இல் வெளியிடப்பட்ட ஜெர்மனிய ஆய்வில், 94 மாதிரிகளில் லேபிளில் குறிப்பிடப்படாத ஸ்டெரொய்ட் வகைப் பொருட்கள் இருந்தன. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது; உலக விதிகளின்படி, சிறுநீரில் மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் அது எப்படி வந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையதே. தேசிய மட்டத்தில் போட்டியிட நினைப்பவர்கள் ஊர் பேர் தெரியாத டப்பாவை வாங்கக்கூடாது.

இனி, மறைப்பதனால் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன்.

இருபத்தெட்டு, முப்பது வயதில் உயர் இரத்த அழுத்தத்தோடு ஒருவர் வருகிறார். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு இயல்பைவிட அதிகம். நல்ல கொலஸ்ட்ரோல் என்று நாங்கள் சொல்லும் எச்.டி.எல். மிகத் தாழ்ந்திருக்கிறது. ஈரல் நொதிகள் கூடியிருக்கின்றன. அவர் உண்மையைச் சொல்லாவிட்டால், வைத்தியர் ஒவ்வொன்றையும் தனித்தனி நோயாக நினைத்துத் தேடத் தொடங்குவார். கடுமையான கால் பயிற்சிக்குப் பின் ஈரல் நொதிகளாகப் பார்க்கப்படும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ஆகியவை தசையிலிருந்தே இரத்தத்தில் கலக்கும் என்பதால் தசை நொதியான சி.கே., ஈரல் நொதியான ஜி.ஜி.டி. ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தசையா ஈரலா என்று பிரித்தறியலாம். சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியற்றினின் அளவு, தசை அதிகமுள்ளவரில் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கூடுதலாகக் காட்டும். அதாவது நெச்சுரலாக இருப்பவரின் அறிக்கையும் பிழையாக வாசிக்கப்படலாம். ஆகவே பயிற்சி, பவுடர், மாத்திரை, ஊசி அனைத்தையும் வைத்தியர் அறிந்திருக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலிக்காமல் பலவீனமாகும் உறுப்பு. எடை தூக்கும் ஆண்கள் 140 பேரைப் பரிசோதித்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீண்டகாலம் ஸ்டெரொய்ட் எடுத்த 86 பேரின் இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றிய இரத்தத்தின் பங்கு சராசரியாக 52 வீதமாகவும், எடுக்காத 54 பேரில் 63 வீதமாகவும் இருந்தது. அந்தக் காலப்பகுதியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைவிட, நிறுத்தியிருந்தவர்களின் நிலை நன்றாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நிறுத்தினால் பயனுண்டு என்பதற்கு இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை. ஆனால் இதய நாடிகளில் படிந்த கொழுப்பு எளிதில் திரும்பிப் போவதில்லை.

அதிகம் மனம் நோகச் செய்வது பிள்ளையில்லாத தம்பதியரின் கதை. வெளியிலிருந்து டெஸ்டொஸ்டெரோன் வந்துகொண்டிருக்கும்போது, விரைகளை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய ஹோர்மோன்களை மூளையடிச் சுரப்பி நிறுத்திவிடுகிறது. விரை சுருங்குகிறது, விந்தணு குறைந்து சிலரில் முற்றாக இல்லாமலே போகிறது. எங்கள் குடும்பங்களில் திருமணமாகி இரண்டு வருடத்தில் பிள்ளையில்லையென்றால் முதலில் பரிசோதனைக்கு அனுப்பப்படுபவள் பெண். அவள் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மாத்திரை, மாமியாரின் பேச்சு என்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்க, பார்க்க உருக்கு உடம்போடு பக்கத்தில் அமர்ந்திருக்கும் கணவர், தான் போடும் ஊசியைப் பற்றி வாய் திறப்பதில்லை. சில வேளைகளில் ஊசியை விட்டுச் சில மாதங்கள் கழித்து வரும் அவரின் டெஸ்டொஸ்டெரோன் தாழ்ந்திருப்பதைக் கண்டு, காரணம் தெரியாத வைத்தியர் அதே டெஸ்டொஸ்டெரோனையே சிகிச்சையாக எழுதிக் கொடுக்கும் ஆபத்தும் இருக்கிறது. அது மீண்டு வந்துகொண்டிருந்த விந்தணுவை மறுபடி அடக்கிவிடும்.

இந்த மருந்தை விடும் காலம்தான் மிகவும் கடினமானது. இரு தரப்பு நண்பர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். ஊசி நின்றவுடன் உடலின் சொந்தச் சுரப்பு உடனே எழும்பாது. சிலருக்குச் சில மாதங்கள், நீண்டகாலம் எடுத்தவர்களில் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் பிடிக்கும். அந்த இடைவெளியில் களைப்பு, தூக்கமின்மை, ஆசைக் குறைவு, சோர்வு எல்லாம் சேர்ந்து வருவதோடு, வருடக்கணக்கில் சேர்த்த தசையும் கண்முன்னே குறைகிறது. துணிந்து விட்டவரைப் பார்த்து ஜிம்மில் கேட்கும் முதல் வார்த்தை என்ன? "என்ன மச்சான், காற்றுப் போயிட்டுதா?" நெச்சுரல்கள் சிரிக்கிறார்கள், பழைய கூட்டாளிகள் அடுத்த குப்பியை நீட்டுகிறார்கள். அடுத்த வாரமே அவர் மறுபடி தொடங்கிவிடுகிறார். விட்ட பலர் திரும்பிப் போனதற்கு உடலின் வேட்கையைப்போலவே இந்தக் கேலியும் காரணமாக இருந்ததை அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கு எதிரான கோபம் உண்மையென்றால், மருந்தை விட்டு மெலிந்து வருபவரை முதலில் அணைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நெச்சுரல்கள்தாம்.

ஜிம் நண்பர் சொன்னார் என்று குளோமிஃபீன், டமொக்சிஃபென் முதலிய மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி இந்த மீட்சியை முடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவற்றுக்கு இடமிருக்கிறது, ஆனால் இரத்தப் பரிசோதனை இல்லாமல், பார்வைக் கோளாறும் இரத்தக் கட்டியும் வரக்கூடிய மருந்துகளை ஊகத்தில் விழுங்குவது பழைய பழக்கத்தின் தொடர்ச்சியே. பெண்கள் இம்மருந்துகளைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கனத்துப்போன குரல் மருந்தை விட்டபின்னும் திரும்பி வராது.

வைத்தியரிடம் வரும்போது மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த திகதி ஆகியவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். குப்பி மிச்சமிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், ஏனெனில் கள்ளச் சந்தையில் வாங்கிய குப்பிக்குள் லேபிளில் உள்ளதே இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் சொல்வதை ஜிம்முக்கோ வீட்டாருக்கோ உங்கள் சம்மதமின்றி வைத்தியர் சொல்லக்கூடாது. ஏசுவாரோ என்று பயந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அப்படியும் ஏசினால் வேறொருவரிடம் போங்கள். ஊசியையோ, பலமுறை ஊசி குத்திய ஒரே குப்பியையோ பிறரோடு பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றுக்குப் பரிசோதனை அவசியம். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் உள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கண் மஞ்சளாதல் என்பவை ஏற்பட்டால் முன்பதிவுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். விட்டபின் வரும் மனச்சோர்வில் உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் இருவரும் சேர்ந்தே வாருங்கள். மனைவிக்கு எந்தச் சிகிச்சையும் தொடங்குமுன் கணவரின் விந்தணுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். செலவு குறைந்தது, வலியில்லாதது. விந்தணு ஒன்று உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிப்பதால், ஊசியை நிறுத்தியபின் அதே பரிசோதனையை மூன்று மாத இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். முதல் அறிக்கையில் ஒன்றுமே இல்லாதிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் எண்ணிக்கை மீண்டுவிடுகிறது.