கேஸ்கட்டுக்கு இடையடை

கார் பழுது பற்றிய ஒரு வீடியோவின் தமிழ் வசனவரியில் போன வாரம் மறுபடியும் பார்த்தேன்: ‘ஊதப்பட்ட தலை கேஸ்கெட்டின் அறிகுறிகள்’. எத்தனையாவது முறை என்ற கணக்கே விட்டுப்போய்விட்டது. பலூனை ஊதலாம், அடுப்பை ஊதலாம், சங்கை ஊதலாம். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாதபடி நடுவில் வைக்கும் கேஸ்கட்டை யார் ஊதினார்கள்? ஆங்கிலத்தில் ‘புளோன் ஹெட் கேஸ்கட்’ என்று இருந்ததில் ‘புளோன்’ என்பதை அகராதியின் முதல் பொருளோடு அப்படியே இறக்கிவைத்திருக்கிறார்கள். பியூஸ் போனாலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதற்காக ‘பியூஸ் ஊதப்பட்டது’ என்று நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பியூஸ் போச்சு, பல்பு போச்சு, கேஸ்கட் போச்சு. அவ்வளவுதான்.

கேஸ்கட் கப்பலில் பிறந்த சொல். சுருட்டிய பாயைக் குறுக்குமரத்தோடு சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றுக்கு 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இருந்தது. பிரெஞ்சு ‘கார்செத்’திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். நீராவி இயந்திரம் வந்தபோது பிஸ்டனைச் சுற்றி ஆவி கசியாதபடி சணல் பின்னலைத் திணித்தார்கள். கயிற்றின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நமக்கு அது குக்கர் மூடி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் ‘அடைப்பான்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முதல் காரணம், கிராமத்தில் அடைப்பான் என்றால் மாட்டுக்கு வரும் நோய். ஆந்த்ராக்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். கால்நடைத் துறை அறிவிப்புகளிலும் அந்தப் பெயர்தான் வருகிறது. ஊரறிந்த ஒரு நோயின் பெயரைத் தூக்கி இன்ஜினுக்குள் வைக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அடைப்பான் என்றால் ஒரு ஓட்டையை மூடும் பொருள் என்றே காதில் விழும். பாட்டில் வாயை அடைக்கும் தக்கை மாதிரி. கேஸ்கட் ஓட்டையை மூடுவதில்லை. ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருக்க வேண்டும். இன்ஜினில் சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்குப் பெரிய வட்டங்கள், சுற்றிலும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் போக, ஆயில் போக, போல்ட் நுழையச் சின்னச் சின்னத் துளைகள். இத்தனையையும் திறந்துவைத்துவிட்டு, ஒன்றின் பொருள் இன்னொன்றுக்குள் போகாதபடி நடுவில் இருக்கும் இடுக்கை மட்டும் அடைக்கிறது. அந்த வேலையைத்தான் பெயர் சொல்ல வேண்டும். அதனால் நான் ‘இடையடை’ என்கிறேன். இரண்டு பரப்புகளுக்கு இடையே இருப்பது, இடையை அடைப்பது. அடை என்றதும் தோசைக்கல் நினைவுக்கு வரும் என்றார் ஒரு நண்பர். தேனடை என்றாலும் அடைமழை என்றாலும் யாருக்கும் தோசைக்கல் நினைவுக்கு வருவதில்லையே.

‘கசிவுத்தடுப்பி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆயில் சீல், ஓ ரிங், குழாயில் சுற்றும் வெள்ளை டேப் எல்லாமே கசிவைத் தடுப்பவைதான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதையும் அடையாளம் காட்டாது.

அப்புறம் இந்தத் ‘தலை’. தமிழில் தலை ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் முதன்மை என்று பொருள்: தலைநகர், தலைமகன். ‘தலை கேஸ்கெட்’ என்று படிக்கிறவர், கேஸ்கட்டுகளில் இதுதான் முதன்மையானது போலிருக்கிறது என்று நினைப்பார். சிலர் எழுதும் ‘மூடி கேஸ்கெட்’ இன்னும் மோசம். மூடி என்றால் மெக்கானிக் ஹெட்டுக்கு மேலே இருக்கும் டேப்பெட் கவரைத்தான் நினைப்பார். அதன் கேஸ்கட் கசிந்தால் இன்ஜினின் வெளிப்பக்கம் ஆயில் வழியும்; கவரைக் கழற்றி மாற்றிவிடலாம். ஹெட் கேஸ்கட் என்றால் ஹெட்டையே இறக்க வேண்டும், அது வளைந்திருக்கிறதா என்று பார்த்துச் சமப்படுத்த வேண்டும். செலவு பல மடங்கு. ‘ஹெட் இடையடை’ என்று சொன்னால் எந்தப் பட்டறையிலும் குழப்பம் வராது. ஹெட் என்பது அங்கே தமிழாகவே ஆகிவிட்டது.

இடையடை பழுதாவதற்கும் நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: விட்டுப்போதல். தையல் விட்டுப்போச்சு என்கிறோமே, அதேதான். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி ஹெட் லேசாக வளைந்தால், பிடிமானம் ஓரிடத்தில் விட்டுப்போகும். அந்த வழியாகக் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கும், அல்லது ஆயிலில் கலக்கும், அல்லது சிலிண்டரின் அழுத்தம் ரேடியேட்டருக்குள் புகுந்து குமிழ் குமிழாகக் கிளம்பும்.

என் பெரிய மனக்குறை இந்தப் பழுதின் அறிகுறியாக எழுதப்படும் ‘வெண்புகை’ பற்றியது. சைலன்சரிலிருந்து கருப்பாக வந்தால் அது புகை. எரிபொருள் மிஞ்சி அரைகுறையாக எரிகிறது. நீலம் பாய்ந்து வந்தால் அதுவும் புகை. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. ஆனால் கூலண்ட் சிலிண்டருக்குள் போய் வெள்ளையாக வெளியே வந்தால் அதில் பெரும்பகுதி நீராவி. அதை ‘வெள்ளை ஆவி’ என்று எழுதினால் என்ன? குளிர்ந்த டீசல் இன்ஜின் எரியாத டீசலைத் துளிகளாகத் தள்ளும்போதும் வெள்ளையாகத்தான் வரும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் படிக்கிறவர் எதை வைத்துப் பிரித்தறிவார்?

எங்கள் மாமா இப்படித்தான் கொடைக்கானலில் ஒரு மார்கழிக் காலையில் பதறிப்போனார். பெட்ரோல் காரின் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியது. ‘வெண்புகை வந்தால் தலை கேஸ்கெட் ஊதப்பட்டுள்ளது’ என்று எங்கோ படித்திருந்தாராம். வந்த மெக்கானிக் சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையைப் பிடித்தார். கை நனைந்தது, ஆயில் பிசுக்கு இல்லை. இனிப்பு வாடையும் இல்லை. கூலண்ட் எரிந்தால் அந்த வாடை வரும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார். “தண்ணி கலந்திருந்தா மோர் மாதிரி இருக்கும் சார். இது சுத்தமா இருக்கு. வண்டி சூடாகட்டும், பாருங்க” என்றார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். குளிரில் அது கண்ணுக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் பின்னால் ஒன்றும் இல்லை. கூலண்ட் அளவும் குறையவில்லை. “புகைன்னு ஏன் சார் எழுதுறாங்க? இது வெறும் ஆவி” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினார்.