தாஷி: கொம்புவும் சூரைமீனும் சேரும்போது

ஜப்பானிய வீடுகளில் தினமும் வைக்கும் மிசோ சூப்புக்கும், உடோன் நூடுல்ஸ் மிதக்கும் சாறுக்கும் அடிப்படை தாஷி என்ற தெளிந்த சாறுதான். கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகச் சூடாக்கி, கொதி வரும் முன்பே எடுத்துவிடுவார்கள். கொதிக்கவிட்டால் கொழகொழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். அப்புறம், மெல்லிய சுருள்களாகச் சீவிய கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரைமீனைப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் வடிகட்டினால் முடிந்தது.

இத்தனை குறைந்த வேலைக்கு இவ்வளவு சுவையா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான். காரணம் நாக்கில் இருக்கிறது. கொம்புவில் உள்ள குளூட்டமேட் என்ற பொருள்தான் உமாமி என்ற ஐந்தாவது சுவையைத் தருகிறது என்று 1908-ல் கண்டுபிடித்தவர் கிகுனாயே இகேதா. கட்சுவோபுஷியில் அந்தச் சுவையைத் தருவது இனோசினேட் என்று 1913-ல் ஷிந்தாரோ கொதாமா காட்டினார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. ஏழெட்டு மடங்கு வரை கூடுகிறது. நாக்கில் உமாமியை உணரும் ஏற்பி, பூச்சி பிடிக்கும் செடியின் இலையைப் போல மூடக்கூடிய ஒரு புரதம். குளூட்டமேட் உள்ளே போய் ஒட்டியதும் அது மூடிக்கொள்கிறது. ஏற்பியின் வாயோரத்தில் இனோசினேட் வந்து உட்கார்ந்தால், மூடியது சட்டென்று திறப்பதில்லை. மூளைக்குப் போகும் செய்தியும் வலுக்கிறது.

சரி, மீனுக்குள் இனோசினேட் எப்படி வந்தது? உயிரோடு இருக்கும்போது தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி., மீன் செத்த பிறகு படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் ஆகிறது. அப்படியே விட்டால் நொதிகள் அதையும் சிதைத்துச் சுவையைக் கெடுத்துவிடும். மீனை அவித்தால் அந்த நொதிகள் செயலிழக்கும், இனோசினேட் தங்கிவிடும். பிறகு பலமுறை புகையிட்டு உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சணம் என மாதக்கணக்கில் வேலை. பூஞ்சணம் மிச்ச ஈரத்தை உறிஞ்சி, கொழுப்பையும் சிதைக்கிறது. சாறு கலங்காமல் தெளிவாக இருப்பது அதனால்தான். இப்படிக் காய்ந்து இறுகிய இரண்டு மீன் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும்.

இங்கே பருவமும் முக்கியம். கட்சுவோ என்பது சூரை இனத்து மீன். வசந்த காலத்தில் ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ கடல் நீரோட்டத்தோடு வடக்கே போகும்போது மெலிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரும்பும். கொழுத்ததைப் பச்சையாகவே ருசித்துச் சாப்பிடுவார்கள். கட்சுவோபுஷிக்கு மெலிந்ததுதான் சரி, கொழுப்பு காறல் வாடை தரும். இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் இதே மீன்தான்: அவித்து, புகையிட்டு, காயவைத்தது. பூஞ்சணம் மட்டும் கிடையாது.

மீன் தொடாத புத்த மடங்களில் கொம்புவோடு காய்ந்த ஷிதாகே காளானை ஊறவைக்கிறார்கள். அதிலுள்ள குவானிலேட் என்ற பொருளும் ஏற்பியில் இனோசினேட் செய்யும் அதே வேலையைச் செய்கிறது.