டிஆர்எம்: உரிமை மேலாண்மையா, உரிமப் பூட்டா?

கைபேசியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். பெரிய ஓடிடி செயலிகள் பலவற்றில் படம் பதிவாகாது, கறுப்புத் திரைதான் பதிவாகும். பணம் கட்டி வாங்கிய மின்னூலை வேறொரு செயலியில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் திறக்காது. இரண்டுக்கும் காரணமான ஏற்பாட்டின் பெயர் டிஆர்எம். 'டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்' என்பதன் முதலெழுத்துகள். தமிழில் 'எண்ணிம உரிமை மேலாண்மை' என்கிறார்கள், 'மின்னணு உரிமை மேலாண்மை' என்பவர்களும் உண்டு. எண்ணிமமா, மின்னணுவா, இலக்கமுறையா என்று போதுமான அளவு விவாதித்தாயிற்று. எனக்கு உறுத்துவது நடுவில் இருக்கும் 'உரிமை'.

முதலில் பொருளைப் பார்ப்போம். பாட்டோ படமோ நூலோ, கோப்பை மறையீடு (என்கிரிப்ஷன்) செய்து, திறவுகோல் இல்லாமல் திறக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறார்கள். திறவுகோல் விற்பவரின் கணினியில் இருக்கும். உங்கள் கருவி ஒவ்வொரு முறையும், அல்லது குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை, அங்கே கேட்டுத்தான் திறவுகோலைப் பெற வேண்டும். எந்தக் கருவியில் திறக்கலாம், எந்த நாட்டில் திறக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், அச்சிடலாமா, உரக்க வாசிக்க வைக்கலாமா என்பதெல்லாம் அந்தத் திறவுகோலோடு வரும் நிபந்தனைகள். நகலெடுப்பதைத் தடுப்பது இவற்றில் ஒன்றுதான்.

மயிலாடுதுறையில் ஒரு கைபேசிக் கடையில் நின்றிருந்தபோது ஒரு அம்மா புதுப் போனோடு வந்தார். மாதாமாதம் சந்தா கட்டுகிறார், வீட்டில் இணைய வேகத்துக்கும் குறைவில்லை, ஆனால் படம் மங்கலாகவே வருகிறது. "பக்கத்து வீட்டுலயும் இதே சந்தாதான் தம்பி. அவங்க போன்ல பளிச்சுன்னு வருது." கடைக்காரத் தம்பி ஒரு சிறு செயலியை இறக்கித் திறந்தார். வைட்வைன், பாதுகாப்பு நிலை எல்3 என்று காட்டியது. "அம்மா, இது எல்3 போன். எல்1 இருந்தாத்தான் எச்டி வரும். இத செட்டிங்ஸ்ல மாத்த முடியாதும்மா."

வைட்வைன் என்பது கூகுளின் டிஆர்எம். எல்1 நிலையில், மறையீட்டை அவிழ்ப்பதும் படத்தைக் கையாள்வதும் சில்லுக்குள் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான பகுதியில் நடக்கும். எல்3 நிலையில் எல்லாம் வெறும் மென்பொருளிலேயே நடக்கும். எல்3 கருவியை நம்பாத சேவைகள் 480 வரித் தரத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்த அம்மா எதையும் நகலெடுக்கவில்லை, எடுக்க நினைக்கவும் இல்லை. அவருடைய எந்த உரிமை இங்கே மேலாண்மை செய்யப்பட்டது?

டிஆர்எம் என்ற தொடர் 1990களின் பிற்பகுதியில் பரவியது. செயல் அதற்கும் பழையது. பிளாப்பி காலத்தில் அதற்குக் 'காப்பி புரொடெக்ஷன்' என்று பெயர். கும்பகோணம், தஞ்சாவூர் அச்சகங்களில் டிடிபி வேலை பார்த்தவர்களுக்கு இதன் உருவமே தெரியும். இந்திய மொழி எழுத்துரு மென்பொருள்களோடு ஒரு டாங்கிள் வரும். கட்டைவிரல் அளவுப் பெட்டி, கணினியின் பின்புறம் பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் அதைச் செருக வேண்டும். அது இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. டாங்கிள் பழுதானால், பணம் கொடுத்து வாங்கிய எழுத்துரு, அதில் கோத்து வைத்த கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் அப்படியே நிற்கும். அதை யாரும் உரிமை மேலாண்மைக் கருவி என்று சொன்னதில்லை. 'லாக்' என்றார்கள். விற்றவர்களே 'ஹார்டுவேர் லாக்' என்றுதான் விற்றார்கள்.

அப்புறம் டிவிடி வந்தது. உலகை வட்டாரங்களாகப் பிரித்தார்கள், இந்தியா 5ஆம் வட்டாரம். சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த வட்டு 3ஆம் வட்டாரத்தது என்றால் இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைவட்டுகள், கணினியில் போட்டவுடன் பயனருக்குத் தெரியாமல் ஒரு மென்பொருளை நிறுவி ஒளித்து வைத்தது வெளியே வந்தது. வட்டுகளைத் திரும்பப் பெறும் அளவுக்கு அது பெரிய விவகாரமானது.

இந்த ஏற்பாட்டுக்கு 'ரைட்ஸ் மேனேஜ்மென்ட்' என்று பெயர் வைத்தது விற்பவர் தரப்பு. அதைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஏற்கவில்லை. அதே மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு, ஆர் என்பதற்கு 'ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்', அதாவது கட்டுப்பாடுகள் என்று விரித்தார். நாம் தமிழாக்கும்போது ஒரு தரப்பின் விளம்பரப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் குறை.

தமிழில் 'உரி' என்ற வேரிலிருந்து உரிய, உரியவர், உரிமை எல்லாம் பிறக்கின்றன. உரிமை ஒருவருக்கு இயல்பாகச் சேர்ந்தது. 'உரிமம்' அதே வேரில் பிற்காலத்தில் ஆக்கிய கலைச்சொல், லைசென்ஸைக் குறிக்கும். ஓட்டுநர் உரிமம், கட்டட உரிமம் என்கிறோம். கொடுப்பவர் ஒருவர் இருப்பார், நிபந்தனை இருக்கும், காலம் இருக்கும், திரும்பப் பெறவும் முடியும். டிஆர்எம் கண்காணிப்பது இந்த உரிமத்தை. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரிமம்தான்.

காவிரிப் படுகையில் இந்த வேறுபாட்டை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தில் நிலத்தை வாங்கியவர் 'சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள' வேண்டியது என்று எழுதுவார்கள். குத்தகைச் சீட்டில் அந்த வாசகம் வராது. மின்னூல் கடையில் நாம் தட்டுவது கிரயப் பொத்தான், கையில் வருவது குத்தகைச் சீட்டு. குத்தகைதாரருக்காவது சட்டப் பாதுகாப்பு உண்டு. 1952இல் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் என்றே தனிச்சட்டம் வந்தது, 1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒழுங்காகக் குத்தகை அளப்பவரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது.

மின்னூல் வாசகரை வெளியேற்ற முடியும். 2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய நாவல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியது. கடையில் ஏற்றியவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம், பணமும் திரும்பி வந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. அங்கும் முழுப் பணம் கொடுத்தார்கள். நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். பணம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அச்சு நூலை விற்ற கடைக்காரர் ராத்திரியில் வந்து அலமாரியைத் திறந்து, பணத்தை வைத்துவிட்டு நூலை எடுத்துப் போனால் நாம் சும்மா இருப்போமா?

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. காசெட் காலத்தில் படுகை ஊர்களின் கடைத்தெருக்களில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்துப் பதிந்து தருவார்கள். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் காலணா போகவில்லை. நாகஸ்வரம், தவில் என்று வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்ப்பக்கம் இது. கலைஞருக்குச் சேர வேண்டியதைக் கேட்பது முழு நியாயம். நகலெடுத்து விற்பது குற்றம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அதே காசெட்டின் முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். பேனா முனையால் நெம்பினால் 'டக்' என்று உடையும். உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு பதிய முடியாது, ரெக்கார்டு பொத்தான் இறங்காது. உள்ளே தாத்தாவின் குரலோ கோயில் கச்சேரியோ இருந்தால், யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று உடைத்து வைப்போம். மனசு மாறினால் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டிப் பதியலாம். அது உண்மையான காப்பு. எதைக் காக்க வேண்டும், எப்போது விலக்க வேண்டும் என்பதை வைத்திருப்பவர் முடிவு செய்தார்.

இதனால்தான் 'நகல் காப்பு' என்ற இன்னொரு மொழிபெயர்ப்பும் எனக்கு ஒப்பவில்லை. 'காப்பு' அணிபவரைக் காப்பது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைப்பதும் அந்தப் பொருளில்தான். மேலும், கணினித் தமிழில் பேக்கப்பை 'காப்பு நகல்' என்கிறோம். இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டால், நகலெடுத்து வைப்பது நகலெடுக்கவே விடாததாக மாறிவிடுகிறது. பயன்படுத்துபவர் குழம்பாமல் என்ன செய்வார்? போதாக்குறைக்கு, பேட்டன்டுக்கு உரிய 'காப்புரிமை'யைச் செய்தித்தாள்கள் காப்பிரைட்டுக்கும் போட்டுவிடுகின்றன. காப்பிரைட்டுக்குப் 'பதிப்புரிமை' என்ற நல்ல சொல் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. 65ஏ பிரிவு பூட்டைப் பற்றியது, அதற்குத் 'தொழில்நுட்ப நடவடிக்கை' என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறது. 65பி பிரிவுதான் 'உரிமை மேலாண்மைத் தகவல்' பற்றியது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், உரிமையாளரின் முகவரி, பயன்படுத்தும் நிபந்தனைகள், இவற்றைக் குறிக்கும் எண்கள் ஆகியவை அந்தத் தகவல். பயனர் யார் என்று அடையாளம் காணும் கருவியோ வழிமுறையோ இதில் சேராது என்று வரையறையே விலக்கி வைக்கிறது. ஆக, 'உரிமை மேலாண்மை' என்ற தொடருக்கு நம் சட்டத்தில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. பூட்டுக்கும் அதையே வைத்தால் 65ஏ எது, 65பி எது என்று வாசகர் திணற வேண்டியதுதான்.

காலக் கணக்கும் இதே வேறுபாட்டைக் காட்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. தோடி ராகத்துக்குப் பேர்போன நாகஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுகளின் உரிமைக் காலம் 2016 முடிவுக்குள் தீர்ந்துவிட்டது. அந்தத் தோடி இப்போது எல்லோருக்கும் பொது. அதே பதிவைப் பூட்டிய கோப்பாக ஒரு சேவை தந்தால், உரிமை முடிந்தாலும் பூட்டு முடியாது. 60 ஆண்டு கழித்துத் தானாகத் திறக்கும் டிஆர்எம் எதையும் நான் பார்த்ததில்லை. இல்லாத உரிமையை எதை வைத்து மேலாண்மை செய்வது?

சரி, என்ன சொல் வைக்கலாம்? வெறும் நகலெடுப்பைத் தடுப்பதற்கு 'நகல் தடுப்பு' போதும். டிஆர்எம் அதைவிட அகலமானது, உரிமத்தின் நிபந்தனைகளைக் கருவிக்குள் நின்று நிறைவேற்றும் பூட்டு அது. 'உரிமப் பூட்டு' என்பது என் பரிந்துரை. 'எண்ணிம' என்ற அடைமொழி தேவையில்லை, பூட்டிக் கிடக்கும் பொருளே எண்ணிமம்தானே.

'பூட்டு' நமக்கு வாய்க்குப் பழகிய சொல். 'பூண்' என்ற வினையின் பிறவினை அது: பூணச் செய்வது, மாட்டுவது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், அணியும் பூட்டுகிறோம். இன்னொருவர் மேல் ஒன்றை மாட்டிவிடுவது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு இணையாகத் 'திறவுகோல்' இருக்கிறது. போர்த்துகீசியரிடமிருந்து வந்த 'சாவி'யும் எல்லோருக்கும் தெரியும். நாகப்பட்டினத்தில் அவர்கள் கடை விரித்த நூற்றாண்டுகளுக்குப் பின் அது நம் சொல்லாகவே ஆகிவிட்டது. மறையீட்டுச் சாவி என்று எழுதினால் தப்பில்லை.

இந்தச் சொல் பாட்டையும் படத்தையும் தாண்டியும் உதவும். அச்சுப்பொறி வேறு நிறுவன மைக்குடுவையை ஏற்க மறுப்பதும், டிராக்டரின் மென்பொருள் வெளி மெக்கானிக்கைப் பழுதுபார்க்க விடாததும் இதே வகைதான். அமெரிக்காவில் உழவர்கள் தங்கள் டிராக்டர் மென்பொருளைப் பழுதுபார்ப்பதற்காகத் திறக்கலாம் என்று 2015இல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்க வேண்டியிருந்தது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான அரசு இணையத்தளம் 2022 டிசம்பரில் வந்தபோது, அதில் வேளாண் கருவிகளும் ஒரு பிரிவு. சம்பா அறுவடையில் இயந்திரம் வயலுக்குள் நின்றுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் நெல் உதிரும். அந்த நேரத்தில் 'உரிமை மேலாண்மை' என்று எவரும் பேசப் போவதில்லை, 'பூட்டி வச்சிருக்கான்' என்றுதான் சொல்வார்கள்.

எதிர்ச்சொல்லும் எளிது: 'பூட்டற்ற'. பூட்டற்ற மின்னூல், பூட்டற்ற இசை. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், பகிர்வதை முன்கூட்டியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களைத் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸும் பூட்டற்ற நூல்களையே தருகின்றன. விலைக்கு விற்பவர்களும் பூட்டில்லாமல் விற்கலாம். ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையின் பாட்டுகளுக்கு 2009இல் பூட்டை எடுத்தது, விற்பனை அதோடு நின்றுவிடவில்லை.

கடைசியாக, பூட்டை விலக்குவதற்கான சொல். 'பூட்டுடைப்பு' என்றால் செய்தித்தாளில் வரும் பீரோ திருட்டு நினைவு வந்துவிடும். 65ஏ பிரிவு தண்டிப்பது பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்வதை. அதற்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகப் பூட்டை விலக்குவதை அதே பிரிவு அனுமதிக்கிறது. அதற்கு உதவுபவர், யாருக்கு எதற்காகச் செய்தார் என்ற விவரத்தைப் பெயர், முகவரியோடு குறித்து வைக்க வேண்டும். பார்வையற்ற மாணவிக்காக ஒரு பாடநூலைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்) படிக்கும்படி மாற்றித் தருவதற்கும் 2012 திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதி செய்த நாடும் இந்தியாதான். அந்த மாணவிக்கு உதவும் ஆசிரியரைப் பூட்டுடைத்தவர் என்று எழுதக் கூடாது. 'பூட்டு நீக்கம்' என்று எழுதுவோம்.