பிசிக்கல் டிஸ்டன்சிங்: ஒற்றையடிப் பாதையில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கொரோனா வந்தபோது முதலில் பரவிய சொல் சோஷியல் டிஸ்டன்சிங். தமிழில் அதைச் சமூக இடைவெளி என்றும் சமூக விலகல் என்றும் எழுதினார்கள், இரண்டுமே எனக்கு இன்றும் உறுத்துகின்றன. ஏனென்றால் சமூகத் தொலைவு (சோஷியல் டிஸ்டன்ஸ்) என்பது சமூகவியலில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கும் சொல்; 1920களில் எமரி போகார்டஸ் என்ற அமெரிக்கர் அதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார், வேற்று இனத்தவரை மணப்பீர்களா, அண்டை வீட்டில் குடியிருக்கச் சம்மதிப்பீர்களா என்று கேட்டு மக்கள் மனத்தில் உள்ள ஒதுக்கலை அளக்கிற கோல் அது. நம் செய்தித்தாள் தமிழிலோ சமூகம் என்றால் பாதி இடங்களில் சாதி என்றே பொருள். நோயைத் தடுக்க இந்தச் சொல்லா?

2020 மார்ச் 20 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் மரியா வான் கெர்கோவ், இனி பிசிக்கல் டிஸ்டன்ஸ் என்றே சொல்கிறோம், மக்கள் மனத்தளவில் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று விளக்கினார். அதற்கு நேர்த்தமிழ் உடல் இடைவெளி. கடை வரிசைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அது போதும்.

மலைப்பாதைக்குப் போதாது. அதே மார்ச்சில் பிரிட்டனின் வேல்ஸில் ஸ்னோடோனியா மலைப் பூங்காவில் ஒரே வார இறுதியில் கூட்டம் அலைமோதி, அப்புறம் ஸ்னோடன் சிகரப் பாதைகளையே மூடினார்கள். அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவும் மூடப்பட்டது. ஆளுக்கு ஆள் இடைவெளியாகப் பிரிட்டன் கேட்டது 2 மீட்டர், அமெரிக்கா கேட்டது 6 அடி. ஆனால் மலையில் இருப்பது பல இடங்களில் ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. எதிரெதிரே இருவர் வந்தால் அங்கே இடைவெளி தானாக இருக்காது, யாராவது ஒருவர் நகர்ந்துதான் அதை உண்டாக்க வேண்டும். அதனால் அங்கே நமக்கு வேண்டியது ஒரு வினைச்சொல்.

விலகு, ஒதுங்கு இரண்டும் உடனே நினைவுக்கு வரும். இலக்கணப்படி சரிதான், இவை தன்வினை; விலக்கு, ஒதுக்கு என்ற பிறவினைகளில்தான் அடுத்தவரைத் தள்ளும் பொருள் வருகிறது. ஆனாலும் ஒதுங்கு என்பதில் ஒரு வடு இருக்கிறது, ஆதிக்க சாதிக்காரர் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று மனிதர்களைக் கட்டாயப்படுத்திய நாடு இது. அதனால் நான் 'தள்ளி நின்று வழிவிடுதல்' என்பேன். வழிவிடுதல் யாரும் யாருக்கும் செய்வது, அதில் மேல் கீழ் இல்லை.

சரி, யார் வழிவிடுவது? ஏறுபவருக்கே முன்னுரிமை என்பது மலையேறிகளின் பழைய வழக்கம். தொற்றுக் காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பக்கத்தில் யாருக்குப் பத்திரமான இடம் இருக்கிறதோ அவர் நிற்பதுதான் நியாயம். நிற்கிற இடம் பாறையாகவோ சரளையாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்கட்டும். செடிகளை மிதித்து ஆளாளுக்கு இறங்கினால் ஓரங்கள் தேய்ந்து பாதை அகலமாகும், மழையில் அந்த மண் அரித்துப் போகும். குறுகலான இடம் வருவதற்கு முன்பே எதிரே வருபவரைப் பார்த்துக் குரல் கொடுத்து, அகலமான இடத்தில் காத்திருந்தால் இருவருமே பாதையை விட்டு இறங்க வேண்டியதில்லை.