பணவீக்க இலக்கிடல்

"வீக்கம் வத்திட்டுது எண்டு செய்தியில சொல்லுறாங்கள். பிறகேன் தம்பி சாமான் விலை இறங்கேல்லை?" கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் தேங்காய் தெரிவுசெய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவரைக் குழப்பியது 'பணவீக்கம்' என்ற சொல்தான்.

inflation என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேர், 'உள்ளே ஊதுதல்'. தமிழில் வீங்கு என்ற வினையிலிருந்து வீக்கம் வந்தது. காலில் வந்த வீக்கம் வற்றினால் கால் பழையபடி ஆகிவிடும். பணவீக்கமோ விலை ஏறும் வேகத்தைக் குறிப்பது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அது 69.8 சதவீதம். முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் கிட்டத்தட்ட 170 ரூபாய். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மறை 0.5 சதவீதம், அதாவது விலை சற்றே இறங்கியது, ஆனாலும் அந்தச் சாமான் 170ஐ ஒட்டியே நின்றது.

சரி, இலக்கிடல்? பணவீக்கம் இவ்வளவில் இருக்கவேண்டும் என்று ஓர் எண்ணைக் குறித்து, மத்திய வங்கி அதை நோக்கி நடத்தும் கொள்கை அது. இலக்கு என்றால் அம்புக்கு வைக்கும் குறி. 'இலக்கம் உடம்பிடும்பைக்கு' என்ற குறளில் இலக்கம் என்பதும் குறிதான். இன்று எங்களுக்கு இலக்கம் என்றால் எண்: வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம். இந்தக் கொள்கையில் இரண்டு பொருளும் அழகாகச் சேர்கின்றன, ஏனென்றால் இங்கே குறியாக வைப்பதே ஓர் எண்ணைத்தான். 1990இல் நியூசிலாந்து இதைத் தொடங்கிவைத்தது. இலங்கையில் 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தின் கீழ் வைத்த இலக்கு 5 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளி விட்டுக்கொடுப்பு.

மத்திய வங்கி தேங்காய் விலையைத் தொடுவதில்லை, வங்கிகளுக்குத் தான் வைக்கும் கொள்கை வட்டி வீதத்தைத்தான் மாற்றும். அது ஏறினால் வங்கிக் கடன் வட்டியும் ஏறும், கடனெடுத்து வாங்குவது குறையும், விலையேற்றம் தணியும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இன்றைய விலையைவிட வரப்போகும் விலையைப் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

தொடர்ந்து இரண்டு காலாண்டு அந்த விட்டுக்கொடுப்பையும் தாண்டி இலக்குத் தவறினால் மத்திய வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணம் சொல்லி அறிக்கை கொடுக்க வேண்டும். 2024இல் இலக்குக்குக் கீழே போனதற்கே அப்படிக் கொடுக்க வேண்டி வந்தது. ஆகவே சிலர் எழுதும் 'பணவீக்கக் கட்டுப்பாடு' இதற்குப் பொருந்தாது. அது மேலே போவதை மட்டும் தடுப்பதுபோல் ஒலிக்கிறது. இலக்கிடல் என்பதே சரி. வீக்கத்துக்குப் பதில் 'விலையேற்ற வேகம்' என்றிருந்தால் இன்னும் விளங்கியிருக்கும்.

அக்காவுக்கு அப்படித்தான் சொன்னேன்.

"அப்ப அஞ்சு எண்டால் இன்னும் ஏறுமோ?"

"ஓம் அக்கா, மெல்ல மெல்ல ஏறும்."